குறைந்த செலவில் நிறைந்த பிரேக்கு

மோட்டார் வண்டி வாங்குவோர் அதன் ஓட்டத்தைப் பற்றி வினவுமளவு அதன் நிறுத்தத்தைப் பற்றி வினவுவதில்லை. எத்துணை விரைவிற் செல்லும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பனவே பேச்சு. ஓடாத வண்டியால் விளைவது காலக்கேடு; நில்லாத வண்டியால் விளைவதோ உயிர்க்கேடு. ஆதலின், தம் கார் இன்னும் சற்று நன்றாக நிற்றல் வேண்டும் என ஒருவர் விரும்புவது வீணாசையன்று. ஆனால் அவ்விருப்பத்தோடு கடைக்குச் செல்பவர்க்கு முதலிற் காட்டப்படுவன துளையிட்ட தட்டுக்களும், செந்நிறம் பூசிய காலிப்பர்களும், பந்தய வண்டிகளுக்குரிய பேடுகளுமே. அவற்றால் பொருட்செலவு மிகுதி. பயன் பல சமயங்களிற் சிறிது. சில சமயங்களில் முன்னிருந்த நிலையினும் கேடாகவே முடியும். அன்றாடம் ஓட்டும் சிறு காரின் பிரேக்கை அளவான செலவில் மேம்படுத்த விரும்புவோர் எங்கே பணத்தை இடலாம், எங்கே இடலாகாது என்பதை இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரேக்கின் தொழில் யாது?

ஓடும் வண்டியிடத்து இயக்க சக்தி பொருந்தியுள்ளது. சக்தியை ஆக்கவும் அழிக்கவும் இயலாது. ஓருருவினின்று மற்றோருருவிற்கு மாற்றுதலே கூடும். ஆதலின் பிரேக்கு வண்டியின் சக்தியை அழிப்பதில்லை. உராய்வின் வாயிலாக அதனை உஷ்ணமாக மாற்றிக் காற்றில் விடுகின்றது. பிரேக்கென்பது சக்கரத்தோடு இணைந்த ஓர் அடுப்பு எனினும் தவறாகாது.

அவ்வடுப்பில் எவ்வளவு உஷ்ணம் பிறக்கின்றது? ஆட்களும் சுமையும் உட்பட 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் அதன் இயக்க சக்தி ஏறத்தாழ 96,000 ஜூல். அதே கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அது ஏறத்தாழ 3,86,000 ஜூல் ஆகும். வேகம் இரட்டித்தது; சக்தியோ நான்மடங்காயிற்று. இந்நான்மடங்கு என்னும் கணக்கை மறவாதிருப்பார்க்குப் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

நிலம் விதிக்கும் எல்லை

வண்டியை நிறுத்துவது யாது என்று வினவினால், பிரேக்கு என்றே பலரும் விடை பகர்வர். அது பாதி உண்மையே. பேடானது தட்டைப் பிடித்துச் சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கின்றது. ஆனால் வண்டியைத் தடுப்பது டயருக்கும் நிலத்திற்கும் இடையேயுள்ள உராய்வே. நான்கு டயர்களும் நிலத்தைத் தொடும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் அஃது ஒரு சிறு பலகையின் அளவினதே. அச்சிறு பரப்பு தாங்குமளவிற்கு மேல் எவ்வளவு வலிய பிரேக்கும் வண்டியை நிறுத்த மாட்டாது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குமேயன்றி வேறில்லை.

உலர்ந்த நல்ல சாலையில் உராய்வுக் கெழு 0.7 எனக் கொண்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் பிரேக்கு பற்றியபின் 14 மீட்டரில் நிற்கும். 100 கிலோமீட்டர் வேகமாயின் 56 மீட்டர் வேண்டும். மழை நீர் படிந்த சாலையில் அக்கெழு 0.4 ஆகக் குறைந்தால் அத்தூரங்கள் முறையே 25 மீட்டரும் 98 மீட்டருமாம். ஓட்டுநர் இடையூற்றைக் கண்டு பெடலில் கால் வைப்பதற்கு ஒரு வினாடி கழியுமாயின், அதற்குள்ளாகவே வண்டி 14 மீட்டரோ 28 மீட்டரோ கடந்துவிடும். இக்கணக்கில் தட்டின் அளவு எங்கும் வரவில்லை என்பதை வாசகர் நோக்குக.

ஆகவே முதற்சோதனை இது. ஆள் நடமாட்டமும் வேறு வண்டியும் இல்லாத உலர்ந்த நேரான இடத்தில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று பெடலை முழு வலிமையோடு மிதித்துப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் பூட்டிக்கொண்டாலும், சக்கரம் பூட்டாமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புள்ள வண்டியாயின் பெடல் காலடியில் அதிர்ந்தாலும், அவ்வண்டியின் பிரேக்கு டயரின் ஆற்றலை ஏற்கெனவே விஞ்சியிருக்கின்றது என்று அறியலாம். அத்தகைய வண்டியில் பெரிய பிரேக்கைப் பொருத்தினாலும் ஒருமுறை நிறுத்தும் தூரம் குறையாது. பூட்டவில்லையாயின், குறை பெரும்பாலும் பிரேக்கின் அளவிலன்று, அதன் பராமரிப்பிலேயே இருக்கும்.

காலின் விசை சக்கரத்தை அடையும் வழி

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்கோடு வெளிவந்தது முதற்கொண்டு, அவ்விதி நம் காலடியில் ஊழியஞ் செய்து வருகின்றது.

ஓர் உதாரணம் காண்போம். ஓட்டுநர் பெடலை 20 கிலோகிராம் எடையளவு விசையோடு மிதிக்கின்றார். பெடலின் நெம்புகோல் அமைப்பு அதனை ஐந்து மடங்காக்கி 100 கிலோகிராமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தருகின்றது. அதன் பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டராயின், சதுர சென்டிமீட்டருக்கு 33 கிலோகிராம் வீதம் அழுத்தம் பிறக்கும். காலிப்பரின் பிஸ்டன் 18 சதுர சென்டிமீட்டராயின் பேடின்மேல் 600 கிலோகிராம் விசை விழும். இருபது அறுநூறாயிற்று. ஆயினும் இயற்கை இதனை இலவசமாக ஈவதில்லை. விசை பெருகிய அளவிற்குத் தூரம் சுருங்கும். காலடியில் பெடல் பல சென்டிமீட்டர் இறங்க, பேடு மயிரிழையளவே நகரும்.

ஆதலால் வேறொரு வண்டியின் பெரிய காலிப்பரைக் கொணர்ந்து மாட்டி, மாஸ்டர் சிலிண்டரைப் பழையபடி விட்டுவிட்டால், பெரிய பிஸ்டனை நகர்த்தத் திரவம் மிகுதியாக வேண்டியிருக்கும். பெடல் தரைவரை இறங்கக்கூடும். அதற்கஞ்சிப் பெரிய மாஸ்டர் சிலிண்டரை மாட்டினால், அழுத்தம் குறைந்து, பெடல் கல்லைப்போல் இறுகும். பிரேக்கு என்பது தனித்தனி உறுப்புக்களின் தொகுதியன்று. ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சமைத்த ஓருடல். அவ்வுடலில் அயலுறுப்பை ஒட்டுவோர் மற்ற உறுப்புக்களின் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும்.

உஷ்ணம் என்னும் பகைவன்

ஒருமுறை நிறுத்துவதற்குப் போதிய பிரேக்கு, பன்முறை நிறுத்துவதற்குப் போதாமற் போகலாம். வண்டி நிற்குங்கால் அதன் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கை முன்சக்கரங்களே ஏற்கின்றன. முன்தட்டு ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் இரும்பு என வைத்துக்கொண்டால், மேற்கூறிய காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்த, ஒவ்வொரு தட்டின் உஷ்ணமும் ஏறத்தாழ 60 டிகிரி ஏறும். அது காற்றில் ஆறிவிடும், அச்சமில்லை.

ஆனால் மலைச்சாலையின் கணக்கு வேறு. உதகமண்டலத்திற்கும் மேட்டுப்பாளையத்திற்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்குங்கால் விடுக்கும் சக்தி 1,86,00,000 ஜூலுக்கும் மேற்படும். அதாவது, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பத்தெட்டு முறை வண்டியை நிறுத்துவதற்கு ஒப்பாகும். காற்றின் தடையும் என்ஜினின் தடையும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது முழுதும் பிரேக்கையே சேரும். என்ஜினை இணைப்பினின்று நீக்கிவிட்டால் அதன் பங்கும் பிரேக்கின் தலையில் விழும்.

இவ்வுஷ்ணம் மூவழிகளிற் கேடு செய்யும். முதலாவது, பேடு தன் வரம்பிற்கு மேற் காய்ந்தால் அதன் உராய்வு குன்றும். பெடல் இறுகியிருக்கும், வண்டி நில்லாது. இரண்டாவது, டிரம் பிரேக்காயின் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். மூன்றாவது, பிரேக்கு ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆதலின் கால் வைத்தவுடன் பெடல் ஒரு தடையுமின்றித் தரையைத் தொடும். மூன்றனுள் இதுவே கொடியது, முன்னறிவிப்பின்றி வருவது. ஆயினும் இதனைத் தடுக்க ஆகுஞ் செலவே எல்லாவற்றினும் சிறியது என்பது வியப்பு.

செலவின் வரிசை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதுதல் வேண்டும் என்பது நம்மவர் மொழி. பிரேக்கிற்குச் சுவராவன பின்வருவன. இவற்றை இவ்வரிசையிலேயே செய்க.

முதலாவது, டயர். எல்லையை விதிப்பது அதுவே என மேலே கண்டோம். டயரின் பள்ளங்களினிடையே தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகள் உள. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அவை மேற்பரப்போடு சமமாகும். அந்நிலை வருமுன்னரே மழைக்காலத்திற்குரிய ஆற்றலை டயர் பெரிதும் இழந்துவிடும். பள்ளம் இருப்பினும் முதிர்ந்த ரப்பர் இறுகிப் பிடிப்பிழக்கும். டயரின் பக்கத்தே பொறித்த நான்கிலக்க எண் அதன் பிறப்பைக் கூறும். 2319 என்றிருப்பின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். காற்றழுத்தத்தை மாதந்தோறும் பார்த்தற்கு ஒரு காசும் வேண்டா.

இரண்டாவது, பிரேக்கு ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மையது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்குங்கால் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாதிருத்தல் வேண்டும் என்பது தரவிதி. ஏறத்தாழ நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையில் அவ்வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230-உம் 155-உம் ஆம். டாட் 3 இடப்பட்ட பெரும்பாலான வண்டிகளில், கையேடு இடங்கொடுக்குமாயின், டாட் 4 இடலாம். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயர் வரிசையைக் கண்டு மயங்கி அதனைக் கலத்தலாகாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுதும் வெளியேற்றிப் புதியது நிரப்பினால், பழைய பிரேக்கு மலைச்சாலையிற் புதிய பிரேக்காகும். இதற்காகும் செலவு ஒருமுறை பெட்ரோல் தொட்டியை நிரப்பும் செலவினும் குறைவே.

மூன்றாவது, உள்ளதைச் செப்பம் செய்தல். பெரும்பாலான சிறு கார்களில் காலிப்பர் இரு ஊசிகளின்மேல் வழுக்கி நகரும். அவ்வூசிகள் துருவேறி இறுகினால் ஒருபுறத்துப் பேடே தேயும். வண்டி ஒருபக்கம் இழுக்கும். அவற்றைக் கழற்றித் துடைத்து, பிரேக்கிற்கென்றே விற்கும் கிரீஸைப் பூசுதல் வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும். பின்சக்கரங்கள் டிரம் வகையாயின் ஷூவின் இடைவெளியைச் சீராக்குதலால் பெடல் உயரும், கைப்பிரேக்கும் பிடிக்கும். பிரேக்குத் தூசியைக் காற்றடித்து ஊதலாகாது; பழைய பேடுகளிலும் ஷூக்களிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைக்க.

நான்காவது, பேடு. பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கும். முதலெழுத்து மிதமான சூட்டிலும் இரண்டாவது மிகு சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். ஈ எனில் 0.25 முதல் 0.35 வரை, எஃப் எனில் 0.35 முதல் 0.45 வரை, ஜீ எனில் 0.45 முதல் 0.55 வரை. அன்றாட வண்டிக்கு இரண்டும் எஃப் ஆக உள்ள பேடு சாலப் பொருந்தும். பந்தயப் பேடு காய்ந்த பின்னரே நன்கு பற்றும்; காலையில் வீட்டைவிட்டு வந்து முதல் முனையில் குழந்தை குறுக்கே ஓடி வருங்கால் அது குளிர்ந்தல்லவா இருக்கும்! புதிய பேடு மாட்டியபின், ஆளற்ற சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாக மிதித்து 15 வரை குறைத்தலைப் பத்து முறை செய்து, பின் வண்டியை நிறுத்தாது சற்றுத் தூரம் ஓட்டி ஆறவிடுதல் வேண்டும். இதனால் பேடும் தட்டும் ஒன்றோடொன்று படியும்.

ஐந்தாவது, ரப்பர் ஹோஸ்களும் தட்டுக்களும். வெடிப்புக் கண்ட ஹோஸை உடனே மாற்றுக. எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் மாட்டினால் பெடல் சற்று உறுதியாகத் தோன்றும். அது சுகமேயன்றி நிறுத்துந் தூரத்தைக் குறைப்பதன்று. தட்டில் அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறித்திருக்கும். அதனினும் மெலிந்ததை வைத்திருத்தல் ஆகாது. மாற்றுங்கால் துளையில்லாத, நல்ல தரமுள்ள சாதாரணத் தட்டே போதும். துளைகள் இரும்பைக் குறைத்து, விரிசல் தோன்றும் இடங்களுமாகின்றன. புதுத்தட்டு மாட்டுமுன் அது பதியும் முகத்திலுள்ள துருவை முற்றும் தேய்த்து நீக்குக. அங்குள்ள சிறு துருக்கட்டியும் தட்டைக் கோணச் செய்யும். பிரேக்கு அதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிதாக்கத் துணிவோர்க்கு

மேற்கூறியன யாவும் செய்த பின்னரும், மலைச்சாலையில் அடிக்கடி சுமையோடு ஓடும் வண்டிக்குப் பெரிய பிரேக்கு தேவைப்படலாம். அங்ஙனமாயின் அதே வண்டியை ஆக்கியோர் பின்னாளில் தாமே பொருத்திய பாகத்தைத் தேடுவதே சிக்கனமும் காப்பும் ஆகும். இதற்குச் சிறந்த சான்று மாரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வகுத்த இச்சிறு கார் 1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே. 1962-இல் என்ஜினை 1,098 கன சென்டிமீட்டராகப் பெருக்கியபோது, முன்டிரம்மின் விட்டத்தையும் 7 அங்குலத்தினின்று 8 அங்குலமாக உயர்த்தினர். பழைய மைனர் உடையோர் பலர், அப்பிந்திய வண்டியின் முன்பிரேக்கைத் தம் வண்டிக்கு மாற்றிக்கொண்டனர். உராயும் இடம் அச்சினின்று விலகியதால் நெம்புவலிமை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடிற்று. இரும்பு மிகுந்ததால் உஷ்ணத்தைத் தாங்கும் வலியும் கூடிற்று. ஆக்கியோரே கணக்கிட்டு வைத்த மாற்றமாதலின் ஊகத்திற்கு இடமில்லை.

எனினும் பின்சக்கர பிரேக்கை முன்னதினும் வலிதாக்கலாகாது. நிறுத்துங்கால் எடை முன்னே சாய்வதால் பின்டயர்களுக்கு நிலப்பிடிப்புக் குறையும். அவை முதலிற் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம்போற் சுழலும். பின்தட்டு அழகு என்று எண்ணுவோர் இதனை ஓர்க. அன்றியும் இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் ஆக்கியோர் முதலிற் குறித்தவற்றோடு மாறுபடும்படி வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய கார்கள் ஏ.பி.எஸ். உடனேயே விற்கப்படல் வேண்டும் என்பது விதி. அத்தகைய வண்டியில் அளவு தெரியாது கைவைத்தல் இன்னும் அபாயம்.

பிரேக்கைத் தொட்ட வண்டியை வெறும் ஜாக்கியின்மேல் நிறுத்தி வேலை செய்தலும், பெடலை நின்றபடியே பலமுறை மிதித்து உறுதி காணாமற் சாலைக்கு எடுத்தலும் உயிரோடு விளையாடுவதாம். அனுபவமில்லார் தகுந்த மெக்கானிக்கின் கையில் விட்டுத் தாம் அருகிருந்து பார்ப்பதே நன்று. எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்தவனுக்குப் பட்டறையிலும் செலவு குறையும்.

காசில்லாத மேம்பாடு

இறுதியாக, ஒரு காசும் வேண்டாத மேம்பாடு ஒன்றுண்டு. வேகத்தை 100-இலிருந்து 80 ஆகக் குறைத்தால், பிரேக்கு ஏற்க வேண்டிய சக்தி நூற்றுக்கு 36 பங்கு குறைகின்றது. எந்தக் கடையிலும் விற்கும் எந்தத் தட்டும் ஒரே நிறுத்தத்தில் இவ்வளவு உதவி செய்யாது. மலையிறங்குங்கால் ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்குக. என்ஜின் தானே வண்டியைத் தடுத்து நிறுத்தும் பாரத்திற் பங்கேற்கும். உதகையினின்று மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள. அத்தகைய இடங்களில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவோர், அடுப்பின்மேல் அடுப்பை ஏற்றுகின்றவராவர். பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவோரும் உளர். என்ஜின் நின்றால், மிதிக்கு வலுவூட்டும் பூஸ்டரின் வெற்றிடம் இரண்டொரு மிதியில் தீர்ந்துபோம். பின்னர் பெடல் பாறையாகும். சில ரூபாய் மிச்சத்திற்கு ஒரு குடும்பத்தைப் பணயம் வைத்தல் சிக்கனமன்று.

சிக்கனம் என்பது குறைவாகச் செலவிடுதலன்று. தேவையான இடத்தை அறிந்து செலவிடுதல். பிரேக்கின் கண் அவ்விடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: டயரின் பள்ளம், ஆயிலின் வயது, ஊசியின் வழுக்கு, பேடின் தரம். கண்ணைக் கவரும் உறுப்புக்கள் இவற்றிற்குப் பின்னரே வருவன. நம் மாணவரிற் பலர் இன்றோ நாளையோ சக்கரத்தின் முன் அமரப்போகின்றவர்கள். அவர்கள் ஓட்டக் கற்குமுன் நிறுத்தக் கற்பாராக. நிறுத்தும் கருவியைப் பேணவும் கற்பாராக. சாலையிற் குறுக்கே வரும் உயிர் எவருடையதாயினும், அதற்கும் நம் வண்டிக்கும் இடையே நிற்பது அவ்வறிவு ஒன்றே.